உயிரோடு இருப்பதற்கான கடவுச்சொல்

மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று பார்ப்பதற்கு ஓர் அரசாங்க அலுவலகம் வேண்டும் என்று முதன்முதலில் யாருக்குத் தோன்றியதோ, அந்த மகானுக்கு எங்கள் தலைநகர் அசுன்சியோனில் இன்னும் சிலை வைக்கவில்லை. அலுவலகம் மட்டும் இருக்கிறது. தேசிய உயிர்ச்சான்று இயக்ககம் என்று பெயர். நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன். என் பெயர் லிப்ராதா ஒவெலார். நிரல் எழுதுகிறவள். அதாவது, எங்கள் இயக்குநர் மனசில் என்ன நினைக்கிறாரோ அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பவள். கம்ப்யூட்டருக்குப் புரிந்துவிடும். எனக்குத்தான் புரியாது.

அலுவலகத்தின் வேலை என்னவோ சின்னதுதான். ஓய்வூதியக்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் ஜன்னலுக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டும். ஜன்னலுக்குள் சிந்துல்ஃபோ உட்கார்ந்திருப்பான். ஆளைப் பார்ப்பான், 'உயிருடன்' என்ற பொத்தானை அழுத்துவான். அவ்வளவுதான். மேலே இருக்கிற நாலு மாடியும், அதில் ஓடுகிற ஏசியும், ஏசிக்கு அடியில் தூங்குகிற அதிகாரிகளும் அந்த ஒரு அழுத்தலை மேற்பார்வை பார்க்கத்தான் இருக்கிறார்கள்.

கெடு நாளில் மதியம் பன்னிரண்டு மணிக்குள் யாருக்கு அந்தப் பொத்தான் அழுத்தப்படவில்லையோ, அவர் தானாகவே 'காலமானவர்' பட்டியலுக்குப் போய்விடுவார். ஒரு மணிக்கு அந்தப் பட்டியல் வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கிளம்பிவிடும். இடையில் இருக்கிற ஒரு மணி நேரத்துக்குள் ஜன்னலில் வந்து திருத்திக்கொள்ளலாம். பட்டியல் கிளம்பிவிட்டால், திரும்ப உயிர் பெறுவதற்குக் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். தீர்ப்பு வருவதற்குள் முக்கால்வாசிப் பேர் தாங்களாகவே பட்டியலை உண்மையாக்கிவிடுவார்கள்.

இயக்குநரின் பெயர் டாக்டர் எவரிஸ்தோ சராச்சோ. டாக்டர் என்றதும் ஊசி போடுவாரோ என்று யாரும் சட்டையைத் தூக்க வேண்டாம். எங்கள் நாட்டில் சட்டம் படித்தவரும் டாக்டர், ஒன்றும் படிக்காமல் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவரும் டாக்டர். இவர் எந்த வகை என்று கேட்கும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வரவில்லை.

மனுஷன் நல்லபடியாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். யாரோ அவரை வெளிநாட்டில் ஏதோ மாநாட்டுக்கு அனுப்பித் தொலைத்தார்கள். திரும்பி வரும்போது கடவுச்சொல் பாதுகாப்பு என்ற காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். வந்த வாரமே 'கடவுச்சொல் இறையாண்மைப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கினார். அதற்குத் தலைவி லிசென்சியாதா இன்சவுரால்தே. லிசென்சியாதா என்பதும் பட்டம்தான். பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் அம்மாள் திரும்பிப் பார்க்க மாட்டார்.

பிரிவின் முதல் காரியமாக எங்கள் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். வெயில் கொளுத்திய காலைப் பொழுது. சிந்துல்ஃபோ வழக்கம்போலக் கொம்புக் குவளையில் யெர்பா இலையைப் போட்டு, ஐஸ் தண்ணீர் ஊற்றி, தெரெரே சுற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தான். ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல். ஒருவர் குடித்து முடித்ததும் அவன் மறுபடி தண்ணீர் ஊற்றி அடுத்தவரிடம் நீட்டுவான். இயக்குநர் முதல் துப்புரவுக்காரர் வரை எல்லோர் வாயும் அந்தக் குழலில்தான். எங்கள் அலுவலகத்தில் ஒழுங்காக நடக்கிற ஒரே காரியம் இதுதான் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

"உங்க பாஸ்வேர்டு உங்க வாய்க்குள்ளயே இருக்கணும்!" என்று மேஜையைத் தட்டினார் லிசென்சியாதா. "ஒருத்தர் வாயிலேர்ந்து இன்னொருத்தர் வாய்க்குப் போகவே கூடாது! இப்படி எச்சில் பண்ணி எச்சில் பண்ணித்தான் இந்த நாடே குட்டிச்சுவராப் போச்சு!"

சொல்லி முடித்து, தோட்டக்காரர் அப்போதுதான் வாயிலிருந்து எடுத்த குழலை வாங்கி, கண்ணை மூடி ஒரு இழு இழுத்தார். கூடம் கை தட்டியது.

அந்த வாரக் கடைசியில் டாக்டர் சராச்சோ இரண்டு தீர்மானங்களில் கையெழுத்துப் போட்டார். முதலாவது: ஊழியர் ஒவ்வொருவரும் அடுத்த முறை கணினிக்குள் நுழையும்போது தம் கடவுச்சொல்லைக் கட்டாயம் மாற்ற வேண்டும். இரண்டாவது: எந்த ஊழியரும் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றக்கூடாது, மாற்றும் அதிகாரம் கடவுச்சொல் இறையாண்மைப் பிரிவுக்கு மட்டுமே உண்டு. இரண்டையும் எல்லாருடைய கணக்கிலும் ஒரே நேரத்தில் ஏற்றும் நிரலை நான் எழுத வேண்டும் என்று உத்தரவு. படித்துப் பார்த்துவிட்டு மேலே ஓடினேன்.

"டாக்டர், இது ரெண்டும் ஒண்ணா நிக்காது."

"ஏன் நிக்காது? ரெண்டுலயும் நான்தானே கையெழுத்துப் போட்டிருக்கேன்?"

"உள்ள போகணும்னா மாத்தணும்கறது முதல் தீர்மானம். மாத்தக் கூடாதுங்கறது ரெண்டாவது. அப்ப யாருமே உள்ள போக முடியாது, டாக்டர்."

"அதுதாம்மா பாதுகாப்பு!" என்றார் பக்கத்தில் இருந்த லிசென்சியாதா.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "லிப்ராதா, ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுப் பதில் சொல்லு. திருடன் உள்ள வர முடியுமா?"

"முடியாது, டாக்டர்."

"வெளிநாட்டு உளவாளி?"

"முடியாது. ஆனா நம்ம ஆளுங்களும்..."

"இந்த 'ஆனா' இருக்கே, இது உங்க தலைமுறைக்குப் பிடிச்ச சீக்கு. நான் பட்டாளத்து நீதிமன்றத்துல முப்பது வருஷம் இருந்தேன். ஒரு தடவைகூட 'ஆனா'ன்னு சொன்னதில்லை. எத்தனை பேர் நிரபராதின்னு பின்னாடி தெரிஞ்சுது தெரியுமா? அப்பவும் சொல்லலை!"

கீழே வந்து எழுதினேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஊழியர் கணக்குகளை ஒவ்வொன்றாக எடு. 'மாற்றியே ஆக வேண்டும்' என்ற இடத்தில் ஆம் போடு. 'மாற்ற அனுமதி' என்ற இடத்தில் இல்லை போடு. அடுத்த கணக்குக்குப் போ. ஒரேயொரு கணக்குக்கு மட்டும் விலக்கு. அது யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

லிசென்சியாதாவுக்கு அதோடு திருப்தி வரவில்லை. யாராவது துரோகி அந்த இரண்டு வரிகளையும் அழித்துவிட்டால்? எனவே இன்னொரு காவல் நிரலும் எழுதச் சொன்னார். அது கால் மணிக்கு ஒருமுறை விழித்துப் பார்த்து, வரிகள் இல்லையென்றால் மறுபடி எழுதிவிட்டுத் தூங்கும். அந்தக் காவல் நிரலை எந்தக் கணக்கின் பெயரில் ஓடவிடுவது என்று கேட்டேன். இப்படி வேலைகளுக்கென்றே ஆள் இல்லாத பொதுக் கணக்கு ஒன்று உண்டு, என் நிரல்களெல்லாம் அதில்தான் ஓடுகின்றன, இதையும் அதிலேயே விடலாம் என்றும் சொன்னேன்.

"ஆள் இல்லாத கணக்கா? சீ!" என்றார் டாக்டர். "என் பேர்ல ஓடட்டும். இந்தக் கட்டடத்துல எது ஓடினாலும் என் பேர்லதான் ஓடணும்."

ஓடியது. திங்கட்கிழமை காலை அத்தனை பேரும் தெருவில் நின்றதுபோல ஆகிவிட்டது. திரை 'உங்கள் கடவுச்சொல்லை மாற்றவும்' என்றது. மாற்றப் போனால் 'உங்களுக்கு மாற்ற அனுமதி இல்லை' என்றது. சரி என்று பொத்தானை அழுத்தினால் மறுபடி 'மாற்றவும்' என்றது. கணக்குப் பிரிவில் ஒரு பெரியவர் ஏதோ தன் மேல்தான் தவறு என்று நினைத்து மதியம் வரை அதையே அழுத்திக்கொண்டிருந்தார்.

மாற்றும் அதிகாரம் பெற்ற இறையாண்மைப் பிரிவின் ஆட்களும் ஊழியர்கள்தானே? அவர்கள் கணக்கும் பூட்டிக்கொண்டது. புகார் கொடுக்கலாம் என்றால், புகார் கணினி வழியாகத்தான் ஏற்கப்படும், கணினிக்குள் நுழைந்தவர்கள் மட்டும் புகார் கொடுக்கலாம். செவ்வாய்க்கிழமை லிசென்சியாதா பூரித்துப்போய் அறிக்கை படித்தார்: "திங்கட்கிழமை முதல் ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை!"

பாராட்டு கேட்டதும் டாக்டருக்குத் தேசப்பற்று வேறு பொங்கிவிட்டது. எங்கள் குவாரனி மொழியில் மட்டுமே இருக்கிற எழுத்து ஒன்று உண்டு. ஆங்கில ஜி எழுத்தின் தலையில் அலைபோல ஒரு கோடு போட்டால் அது. இனிமேல் வைக்கப்படும் எல்லாக் கடவுச்சொல்லிலும் அந்த எழுத்து கட்டாயம் இருக்க வேண்டும் என்று மூன்றாவது தீர்மானம் போட்டார். அந்த எழுத்து எந்த விசைப்பலகையிலும் இல்லை. அதைச் சொன்னபோது, "விசைப்பலகையில இல்லேன்னா இதயத்துல இருக்கணும்" என்றார். அதற்கும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன், முன்வரிசையில் உட்கார்ந்து தொலைத்துவிட்டேன்.

இப்படிப்பட்ட வாரத்தில்தான் ஞா போர்ஃபிரியா வந்து சேர்ந்தார். வயதான பெண்களை நாங்கள் ஞா என்று மரியாதையாகச் சொல்வோம். பக்கத்து ஊர் இதவுகுவாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதயத்தில் ஒரு வால்வு நைந்து போயிருந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. அந்தத் தேதிக்காகப் போன வருஷத்திலிருந்து காத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அவருடைய உயிர்ச்சான்றுக் கெடு. அதற்குள் 'உயிருடன்' விழவில்லை என்றால், மருத்துவமனை அவருடைய வால்வை வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். செத்தவருக்கு யார் நெஞ்சைத் திறப்பார்கள்?

நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது அந்த அம்மாளுக்கு. ஆனாலும் தினமும் பஸ் ஏறி வந்தார்.

"ஏன் கண்ணு, நான் இங்கதானே நிக்கறேன்? இந்தத் தம்பி என்னைப் பாக்கறாரு. நானும் அவரைப் பாக்கறேன். இதுக்கு மேல என்ன வேணும்?"

"பொத்தான் திறக்கலை, ஞா" என்றான் சிந்துல்ஃபோ. பாவம், அவன் முகம் சுருங்கிப்போயிருந்தது. "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது. நான் உள்ள இருக்கேன்னுதான் இந்த மிஷினுக்குத் தெரியலை."

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். என் நிரல்கள் ஓடும் பொதுக் கணக்கின் வழியாகப் போய் அந்த இரண்டு வரிகளையும் புதன்கிழமை காலை அழித்தேன். சிந்துல்ஃபோ ஓடிப்போய் உட்கார்ந்து தன் பெயரை அடிப்பதற்குள் காவல் நிரல் விழித்து, இரண்டையும் திரும்ப எழுதிவிட்டது. மறுபடி அழித்தேன். மறுபடி எழுதியது. மூன்றாவது முறை லிசென்சியாதா காவலாளியோடு என் அறைக்கே வந்துவிட்டார். இன்னொரு முறை கை வைத்தால் நாசவேலை வழக்கு என்றார்.

அப்போது எனக்கு வேறு யோசனை தோன்றியது. திறந்திருக்கிற கணக்கு ஒன்று இருக்கிறதே, டாக்டருடையது! அதற்கு 'உயிருடன்' பொத்தானை அழுத்தும் அனுமதி இல்லை. அந்த அனுமதி ஜன்னல் ஊழியர்களுக்கு மட்டும்தான். டாக்டர் கையெழுத்துப் போட்டு, அதை அவர் கணக்கில் சேர்த்துவிட்டால் காரியம் முடிந்தது. ஞா போர்ஃபிரியாவைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு முகம் சிவந்தார்.

"நானா? ஜன்னல்காரன் அழுத்தற பொத்தானை நான் அழுத்தணுமா? ஏம்மா, இந்த நாற்காலிக்கு ஒரு மதிப்பு இருக்கா இல்லையா? ஒரு ஊழியனை வேலையை விட்டு அனுப்பச் சொல்லு, இப்பவே அனுப்பறேன். அது அதிகாரம். ஒரு கிழவி உயிரோட இருக்கான்னு சொல்றது குமாஸ்தா வேலை!"

"நான்தான்யா உயிரோட இருக்கேனே, பாருங்க" என்றார் ஞா போர்ஃபிரியா. மாடி ஏறிய மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

"அம்மா, நீங்க உயிரோட இருக்கறதா சொல்றது உங்க சொந்த அபிப்பிராயம். நான் அதை மதிக்கறேன். ஆனா அரசாங்கம் தனி ஆளுங்க அபிப்பிராயத்துல நடக்காது."

முப்பது வருஷம் சொல்லாத 'ஆனா'வை அன்று சொன்னார். கவனித்தது நான் மட்டும்தான். அந்த அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

இதற்கிடையில் அலுவலகம் என்ன செய்தது என்றால், தெரெரே குடிக்கிற வழியிலேயே பிழைக்க வழி கண்டுபிடித்தது. டாக்டருக்கு அவருடைய மின்னஞ்சலைத் திறந்து கொடுப்பவன் எப்போதும் சிந்துல்ஃபோதான். ஆகவே டாக்டரின் கடவுச்சொல் அவனுக்குத் தெரியும். குவளை சுற்றுகிறபோது அதுவும் கூடவே சுற்றியது. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்க ஒரே கணக்கில் வேலை பார்த்தது. இறையாண்மைப் பிரிவும்தான்.

பதிவேட்டின்படி, அந்த இரண்டு நாளில் டாக்டர் சராச்சோ ஒருவரே ஆயிரக்கணக்கான கோப்புகளை முடித்தார். மூன்று மாடிகளில் ஒரே நிமிஷத்தில் பிரிண்டர் சரி செய்தார். கழிவறைக்குச் சோப்பு கேட்டார், தானே அனுமதி மறுத்தார், மேல்முறையீடும் செய்தார். காப்பகப் பிரிவுப் பெண் ஒருத்திக்கு அவசரமாகத் தேவைப்பட்டதால், பிரசவ விடுப்புக்கும் விண்ணப்பித்தார். அமைச்சகத்தில் இதையெல்லாம் பார்த்தவர்கள் மெய்சிலிர்த்துப்போனார்கள். வியாழக்கிழமையே பதக்கத்தோடு ஆள் வந்துவிட்டது.

"இந்த இயக்ககத்துல நான் ஒருத்தன்தான் வேலை செய்யறேன்னு எனக்கு எப்பவும் உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துது" என்று பதக்கத்தைக் குத்திக்கொண்டே பேசினார் டாக்டர். "இப்ப ஆதாரம் கிடைச்சிருக்கு. மத்தவங்க கணக்குல நாலு நாளா ஒரு துரும்புகூட அசையலை! சிஸ்டம் தப்பு பண்ணாது! பாஸ்வேர்டு கட்டுப்பாடு இல்லேன்னா இந்தச் சோம்பேறிங்களை நான் கண்டுபிடிச்சிருக்க முடியுமா?" பிரசவ விடுப்பைப் பற்றி அமைச்சகத்து ஆள் ரொம்பப் பணிவாக விசாரித்தபோது, "நாட்டுக்காக அதையும் தள்ளிவைக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜன்னலுக்கு வெளியே வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. எல்லாம் அன்றைக்குக் கெடு உள்ளவர்கள். முதல் ஆளாக ஞா போர்ஃபிரியா. யாரோ நாற்காலி கொடுத்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. மறுநாள் மருத்துவமனையில் சேரச் சொல்லியிருந்தார்கள். துணிமணி வைத்த பையைக்கூட இப்போதே கையோடு கொண்டுவந்துவிட்டார்.

பன்னிரண்டு அடித்தது. அத்தனை பேரும் ஒரே நொடியில் காலமானார்கள். வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார், தெருவில் விற்கிற சீபா ரொட்டி வாங்கித் தின்றுகொண்டிருந்தார் இன்னொருவர்.

அப்போதுதான் மாடியிலிருந்து அந்த அலறல் கேட்டது.

நான் ஓடினேன். டாக்டர் திரையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். 'இந்தக் கணக்கின் உரிமையாளர் காலமாகிவிட்டார். கணக்கு மூடப்பட்டது. ஆழ்ந்த இரங்கல்' என்றது திரை. பட்டாளத்து நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றவர் இல்லையா? அவருக்கும் ஓய்வூதியம் உண்டு. அவருக்கும் அன்றைக்குத்தான் கெடு. வழக்கமாகச் சிந்துல்ஃபோ கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற அவருடைய படத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்திவிடுவான். இந்த முறை யாராலும் அழுத்த முடியவில்லை.

லிசென்சியாதா கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "டாக்டர், என் அனுதாபத்தை ஏத்துக்கங்க. ஈடு செய்ய முடியாத இழப்பு."

"என்னடீ உளர்றே? நான் உன் முன்னாடி நிக்கறேன்!"

"அது உங்க சொந்த அபிப்பிராயம், டாக்டர்" என்றார் லிசென்சியாதா. பேசிக்கொண்டே இயக்குநர் நாற்காலியை மெள்ளத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சிஸ்டம் தப்பு பண்ணாதுன்னு நீங்களே நேத்து பதக்கம் வாங்கறப்ப சொன்னீங்க. உங்க கடைசி வார்த்தையை நாங்க காப்பாத்தணும் இல்லையா?"

நான் அங்கே நிற்கவில்லை. எனக்கு உறைத்துவிட்டது. டாக்டர் கணக்கு மூடிவிட்டது என்றால், அவர் பெயரில் ஓடுகிற காவல் நிரலும் நின்றிருக்கும்! படியில் விழுந்து புரண்டு கீழே வந்தேன். நாசவேலை வழக்காவது, மண்ணாங்கட்டியாவது. அந்த இரண்டு வரிகளையும் எல்லாக் கணக்கிலிருந்தும் அழித்தேன். கால் மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காவல் நிரல் விழிக்கவில்லை. வரிகள் திரும்பி வரவில்லை.

"சிந்துல்ஃபோ! உள்ள போய்ப் பாரு! உன் பழைய பாஸ்வேர்டையே போடு!"

நாலு நாளில் தன் கடவுச்சொல்லையே மறந்திருந்தான் அந்தப் புண்ணியவான். டாக்டருடையதைத்தான் விரல் தானாக அடித்தது. இரண்டு முறை தப்பாக அடித்து, தலையில் குட்டிக்கொண்டு, தன் மூன்று மகள்களின் பெயரையும் முணுமுணுத்துக் கடைசியில் திறந்துவிட்டான். அதற்குள் மணி பன்னிரண்டே முக்கால் ஆகியிருந்தது. ஒரு மணிக்குப் பட்டியல் கிளம்பிவிடும்.

"ஞா, எழுந்து வாங்க!" என்று கூப்பிட்டான். அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுவதற்குள் குறுக்கே வந்து நின்றார் டாக்டர் சராச்சோ. பதக்கம் சட்டையில் ஆடிக்கொண்டிருந்தது.

"முதல்ல எனக்குப் போடு."

"வரிசை இருக்கு, டாக்டர்."

"வரிசையா? எனக்கா?"

"ஆமாய்யா" என்றார் ஞா போர்ஃபிரியா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டே. "நீங்களும் செத்தாச்சு, நானும் செத்தாச்சு. செத்ததுக்கப்புறம் என்னய்யா டாக்டர், ஆயா? பின்னால போங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூட்டத்தைக் கண்டதும் அவருக்குப் பழக்கதோஷம் வந்துவிட்டது. தொண்டையைக் கனைத்தார்.

"இந்த இயக்ககத்தின் மேன்மைக்காகத் தன் உடலையும் உயிரையும் தத்தம் செய்த தலைமைக்கு முன்னுரிமை அளிப்பது என்பது, தனிமனித நலனுக்காக அல்ல, நிறுவன மாண்பின் தொடர்ச்சிக்காக எடுக்கப்படும் வரலாற்றுக் கடமை என்பதை நான் இவ்விடத்தில் பதிவு செய்ய விரும்புகிறேன். ஒரு வால்வு போனால் மறு வால்வு வரும். ஓர் இயக்குநர் போனால், அவர் விட்டுச்செல்லும் வெற்றிடம், குறிப்பாகக் கடவுச்சொல் கொள்கையின் கட்டமைப்பு சார்ந்து..."

பேச்சு போய்க்கொண்டே இருந்தது. கடிகாரமும் போய்க்கொண்டிருந்தது. ஞா போர்ஃபிரியா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த ஆளைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட வேண்டும்போல் இருந்தது. சிந்துல்ஃபோ மட்டும் அசையவில்லை. விதிப்படி செய்ய வேண்டியதைத்தான் செய்துகொண்டிருந்தான்: ஜன்னலுக்கு வந்த ஆளின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் மூச்சு விட நிறுத்தியதும் தலையை ஆட்டினான்.

"மன்னிக்கணும், டாக்டர். இந்த ஜன்னல்ல எத்தனையோ வருஷமா உக்காந்து எத்தனையோ முகத்தைப் பாத்துட்டேன். உயிரோட இருக்கறவங்க யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அடுத்தவங்க வாங்க."

ஞா போர்ஃபிரியா கம்பிக்கு முன்னால் வந்து நின்றார்.

"எப்படி இருக்கீங்க, ஞா?"

"எப்படி இருப்பேன்? மூச்சு முட்டுது, கால் வீங்கிக் கெடக்கு, காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. இந்த மனுஷனை ஒரு அறை விடணும்போல இருக்கு."

சிந்துல்ஃபோ பொத்தானை அழுத்தினான்.

அந்த அம்மாள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார். டாக்டர் சராச்சோ இன்னும் வழியிலேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா" என்றார் ஞா போர்ஃபிரியா. "உசிரோட இருக்கறவங்க நாலு பேரு போக வர வேண்டாமா?"